மஞ்சப்பையில் ஐந்து எக்ஸ்ரே

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம்

மதிப்புக்குரிய அய்யா, அம்மா, வணக்கம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மனு எழுதிப் பழக்கமில்லை. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு ஒருமுறை எழுதியதோடு சரி. ஒரு வகையில் இதுவும் குழாய் பற்றிய மனுதான். என் அம்மாவின் மூச்சுக்குழாய்.

அம்மாவுக்கு 64 வயது. நான்கு வருஷத்தில் ஐந்து தடவை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மழை பிடித்துப் பத்து நாளில் இருமல் கூடும். சளி மஞ்சளாகி, பச்சையாகும். முதல் மூன்று நாள் சுக்குக் காபி, தூதுவளை ரசம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. நாலாம் நாள் குளிர்காய்ச்சல், வலது விலாவில் குத்து, நாலு படி ஏறினால் இளைப்பு. ஆட்டோ பிடித்து ஓடுவோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "நிமோனியாம்மா, அஞ்சு நாள் ஊசி போட்டா சரியாயிடும்" என்பார்கள். சரியாகவும் ஆகிவிடும். சரியானதும் வீட்டுக்கு வந்துவிடுவோம். ஏன் வந்தது என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஐந்து தடவையும் ஒரே ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு முறை அரசு, மூன்று முறை தனியார், அந்தத் தனியாரும் ஒன்றல்ல. கையில் இருக்கும் காசு, அன்றைக்குக் கிடைத்த ஆட்டோ, எந்த டாக்டர் ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இடம் மாறும். போன இடத்திலெல்லாம் அம்மா புது நோயாளி. எக்ஸ்ரேக்களை ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டு, பீரோவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது தூக்கிப் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டான். அம்மாதான் விடவில்லை. மருத்துவக் காரணம் ஒன்றுமில்லை, காசு கொடுத்து எடுத்தது என்பதால்.

ஐந்தாவது தடவை, இரவுப் பணியில் மேற்படிப்புப் படிக்கிற ஒரு டாக்டர் பெண் இருந்தார். என் மாணவிகளில் ஒருத்தி மாதிரி இருந்தார். "பழைய எக்ஸ்ரே ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டார். நான்கு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். தம்பி பைக்கில் போய் மஞ்சப்பையை எடுத்து வந்தான். அந்தப் பெண் டியூப்லைட்டுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துத் தேதிவாரியாகக் கட்டில் மேல் அடுக்கினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அஞ்சும் ஒரே இடம்" என்றார். இதய நிழலின் வலது ஓரம் ஐந்திலும் மங்கியிருந்தது. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகு எனக்கே தெரிந்தது.

3, 7, 3, 7, 3 என்று கரும்பலகையில் எழுதினால் அடுத்த எண் என்ன என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதே ஐந்து எண்களை ஐந்து காகிதத்தில் எழுதி வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்தால் ராமானுஜனாலும் சொல்ல முடியாது. என் அம்மாவுக்கு நடந்தது அதுதான். யாருடைய மருத்துவமும் தப்பில்லை. கொடுத்த ஊசியெல்லாம் கேட்டது. ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு நெஞ்சகப் பிரிவின் பெரிய டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், அதாவது மூன்று பகுதிகள், இடதுக்கு இரண்டு. வலது நடு மடலுக்குப் போகும் குழாய் குறுகலானது. அதைச் சுற்றி நெறிகள் இருக்கின்றன, அதாவது நிணநீர்க் கணுக்கள். அம்மாவுக்கு 1999-இல், தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, காசநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டு முடித்துக் குணமாகிவிட்டார். அன்றைக்கு வீங்கிய நெறிகள் பின்னால் வற்றிச் சுண்ணாம்பாக இறுகி, அந்தக் குழாயை நெரித்துவிட்டன. கிருமி போய் இருபது வருஷத்துக்கு மேலாகியும் வடு போகவில்லை.

சளியில் மறுபடி காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. உள்ளே கட்டியோ வேறு எதுவுமோ அடைத்திருக்கிறதா என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. சி.டி. ஸ்கேனில் தெரிந்தது மூச்சுக்குழல் விரிவு. டாக்டர்கள் பிராங்கியெக்டேசிஸ் என்கிறார்கள். அம்மா அதை 'பிராங்கி' என்று சுருக்கி, ஏதோ ஒன்றுவிட்ட சொந்தக்காரர் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அது என்ன நோய் என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் பிடித்து வைத்திருக்கும் சளிப் படலத்தை அவை நாள் முழுக்க மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததை நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். சுவர் கெட்டுக் குழாய் தொளதொளவென்று விரிந்துவிட்டால் இந்தத் துப்புரவு வேலை நின்றுபோகும். சளி தேங்கும். தேங்கியதில் கிருமி பெருகும். அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டையில் சுவர் இன்னும் கெடும், இன்னும் விரியும், இன்னும் தேங்கும். ஐந்து நாள் ஊசி என்பது குட்டையில் கொசு மருந்து அடிப்பது போல. கொசு சாகிறது, குட்டை அப்படியே கிடக்கிறது.

என் முதல் கோரிக்கைக்குச் செலவு ஒரு வரி மைதான்.

அம்மாவின் ஐந்து டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். நான்கில் 'எல்.ஆர்.டி.ஐ.' என்று இருக்கிறது. கீழ் மூச்சுப்பாதைத் தொற்று என்று பொருளாம். ஒன்றில் நிமோனியா. எந்தப் பக்கம், எந்த மடல் என்று ஒன்றிலும் இல்லை. இது எத்தனையாவது தடவை என்றும் இல்லை. நிமோனியாவுக்குச் சேர்ந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெரியவரின் சீட்டிலும் பக்கமும் மடலும் எழுதப்பட வேண்டும், முன்பு எத்தனை முறை வந்தது என்று கேட்டு அதையும் எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை, அல்லது மொத்தத்தில் மூன்று தடவை வந்தால் 'திரும்பத் திரும்ப வரும் நிமோனியா' என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்று மருத்துவத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறதாம். யாரும் எண்ணாவிட்டால் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

கூடவே இன்னொரு வரி: ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்ல வேண்டும், குறிப்பாக ஐம்பது தாண்டியவர்களையும் புகை பிடிப்பவர்களையும். காய்ச்சல் விட்ட பிறகும் எக்ஸ்ரேயில் மங்கல் மறைய வாரக்கணக்காகும். எட்டு வாரம் கழித்தும் மறையாவிட்டால் பின்னால் வேறு ஏதோ ஒளிந்திருக்கலாம். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். இடையில் ஒருமுறை முழுசாக மறைந்ததா என்று தெரியாமல், இது புதுசாக வந்ததா, பழசே போகாமல் இருந்ததா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எங்களை ஒரு தடவையும் வரச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லியிருந்தாலும் நல்லாயிருக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரி என்று அம்மா வந்திருக்க மாட்டார். அதனால் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. கர்ப்பிணிகளுக்குத் தேதி பார்த்துக் கூப்பிட்டு நினைவூட்டும் கிராம சுகாதார செவிலியர் இதற்கும் ஒரு போன் போட்டால் நன்றாக இருக்கும். அவர்களுக்கு ஏற்கெனவே வேலைப் பளு அதிகம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷ பீடி. மூன்றாவது நிமோனியா, மூன்றும் வலது கீழ்ப் பக்கம். எல்லாருக்கும் மனசுக்குள் ஒரே பயம்தான், வாய்விட்டுச் சொல்லவில்லை. குழாய் விட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு பாக்குத் துண்டு! வெற்றிலை பாக்கை அடக்கிக்கொண்டே தூங்கிப் போகிற பழக்கமாம். வலது குழாய் இடதைவிட அகலம், நேராகவும் இறங்குகிறது. அதனால் வாய்க்குத் தப்பியது பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காருமாம். பாக்கு எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது, அதற்குப் பின்னால் அடைபட்ட சளிதான் தெரியும். எடுத்த துண்டைச் சின்ன டப்பாவில் போட்டுக் காட்டியபோது பெரியவர் கேட்டார்: "இதுக்கா மூணு வருஷமா ஊசி போட்டீங்க?"

ஒரே இடத்தில் திரும்ப வந்தால் அந்த இடத்தில் ஏதோ அடைப்பு, வடு, கட்டி. இடம் மாறி மாறி வந்தால் தேட வேண்டியது வேறு. இதை நான் அந்த வார்டில் கழித்த பதினொரு நாளில் கற்றேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், தினமும் குடிப்பவர், சிறுநீரகம் பழுதானவர், மண்ணீரலை எடுத்துவிட்டவர், முடக்குவாதத்துக்கோ இளைப்புக்கோ (ஆஸ்துமா) வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர், எச்.ஐ.வி. இருப்பது தெரியாமலே இருப்பவர் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் வரிசை நீளம். கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் புரதங்களே உடம்பில் குறைவாக இருக்கும் ஒரு குறை உண்டு. அது பிறந்த குழந்தைக்குத்தான் வரும் என்றில்லை, இருபது முப்பது வயதிலும் வெளிப்படும். அதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனைதான். இளைப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் ஒரு வகைப் பூஞ்சைக்கு ஒவ்வாமை ஏற்பட்டு, எக்ஸ்ரேயில் நிமோனியா போலவே மங்கல் வந்து வந்து போவதும் உண்டு. அதற்கு வேண்டியது ஆன்டிபயாடிக் இல்லை, வேறு மருந்து. புறா எச்சமும், பூஞ்சை பிடித்த ஏர்கூலரும்கூட நுரையீரலைக் கெடுத்து, திரும்பத் திரும்பத் தொற்று வருவது போல ஏமாற்றுமாம். எங்கள் பள்ளி மாடியில் புறாக்களுக்கு அரிசி போடும் சக ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அப்புறம் விழுங்குதல். என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. கைக்கும் காலுக்கும் வைத்தியம் நடந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, சாப்பிட்டதும் குரல் கொழகொழக்கிறது என்று பெரியம்மா சொன்னதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷமே அவருக்கு மூன்று தடவை நிமோனியா. மூன்றாவதில் போய்விட்டார். நிமிர்த்தி உட்கார வைத்துச் சாப்பாடு கொடுப்பது, தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கித் தருவது, சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் இருப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது என்பதெல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. பல் விளக்குவதற்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் சோதித்து 2002-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வழக்கம் போல விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. சாப்பாட்டுக்குப் பின் பல் விளக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம். ஒரு பிரஷ்ஷுக்கு இவ்வளவு வேலை!

இனி காசநோய். இதில்தான் உங்களிடம் எனக்குக் கொஞ்சம் உரிமையோடு பேசத் தோன்றுகிறது. காசநோய் வைத்தியத்தில் சென்னையின் பெயர் உலகத்துக்கே தெரியும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், காசநோயாளியைச் சானடோரியத்தில், அதாவது தனிக் காசநோய் ஆஸ்பத்திரியில், வைத்துப் பார்க்கத் தேவையில்லை, வீட்டில் வைத்தே அதே அளவுக்குக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் எண்களோடு காட்டியது. அதன் பிறகுதான் உலகம் முழுக்க வைத்தியம் வீட்டுக்கு வந்தது. 2022-இல் நீங்கள் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் முற்றிய நிலையில் வருபவர்களை முதல் நாளே அடையாளம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதையெல்லாம் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் சிகிச்சை முடிந்த அன்றைக்கே உங்கள் பதிவேட்டில் அந்த ஆளின் கணக்கு முடிந்துவிடுகிறது. நுரையீரலில் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. இந்தியாவில் 31 மருத்துவ மையங்களில் மூச்சுக்குழல் விரிவு உள்ள 2,195 பேரைப் பதிவு செய்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு நோய்க்குக் காரணம் முன்பு வந்த காசநோய். காரணங்களின் வரிசையில் அதுதான் முதலிடம். அதாவது என் அம்மா விதிவிலக்கு இல்லை, அவர்தான் இந்த நாட்டின் சராசரி நோயாளி. மேல்நாட்டுப் புத்தகங்களில் வேறு காரணங்கள் முன்னால் வரும். நம் ஊரில் 'முன்பு காசநோய் வந்ததா' என்ற ஒரு கேள்வியிலேயே மூன்றில் ஒரு பங்கு விடை இருக்கிறது. அம்மாவிடம் நான்கு முறை அதைக் கேட்கவில்லை. அம்மாவும் தானாகச் சொல்லவில்லை. 1999-இல் அந்த நோய்க்காகத் தெருவில் பட்டதை அவர் மறக்கவில்லை. மருமகள் முன்னால் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

சிகிச்சை முடித்தவரை இரண்டு ஆண்டுகள்வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதில் நோய் திரும்பியதா என்பது மட்டுமல்லாமல், நுரையீரல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை ஒன்று, ஒரு எக்ஸ்ரே. வடு விழுந்தவர்களின் கையில், 'இனி நெஞ்சுச் சளி வந்தால் இதைக் காட்டவும்' என்று ஓர் அட்டை. அதில் காசநோய் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடாதீர்கள். அம்மா மாதிரி ஆட்கள் அதைக் கிழித்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மூச்சுப் பயிற்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து அம்மாவுக்குச் சளி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். பிறகு ஆழமாக இழுத்து மூன்று நொடி நிறுத்தி விட வேண்டும், மூன்று நான்கு தடவை. பிறகு கண்ணாடியில் ஆவி படிய வைக்க 'ஹா' என்று ஊதுவோமே, அப்படித் தொண்டையைத் திறந்து வைத்து நெஞ்சிலிருந்து ஊத வேண்டும். இருமக் கூடாது. சளி தானாக மேலே ஏறி வரும், வந்த பிறகு ஒரே இருமலில் துப்பிவிடலாம். நடு மடலுக்கு அம்மா மல்லாந்து படுத்து, வலது தோளிலிருந்து இடுப்பு வரை தலையணை வைத்து உடம்பை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். காலையில் வெறும் வயிற்றில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம். முதல் வாரம் வெளியே வந்ததைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷி எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்?

இது நடந்து இப்போது பதினாறு மாதம். ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. அம்மா ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. பயிற்சி எல்லாருக்கும் இப்படிக் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும், சிலருக்கு அறுவை சிகிச்சைகூட. ஆனால் எல்லாருக்கும் முதலில் கற்றுத்தர வேண்டியது இதுதான் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஐந்து தடவைக்கும் சேர்த்து நாங்கள் செலவழித்தது ஒன்றேகால் லட்சத்துக்குப் பக்கம். ஊதக் கற்றுக்கொள்ள ஆனது ஒரு பைசாவும் இல்லை.

உங்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். பெரியப்பாவின் கையையும் காலையும் மடக்கி நீட்ட எங்கள் தெருவுக்கே வந்தார்கள். நன்றியோடு சொல்கிறேன். அவர்களிடம் நெஞ்சையும் ஒப்படையுங்கள். மூச்சுக்குழல் விரிவு உள்ளவர்கள், காசநோய் வடு உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் மூன்று தரப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, சளி எடுக்கும் பயிற்சியையும் புரையேறாமல் சாப்பிட வைக்கும் முறையையும் வீட்டில் வந்து சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். புதிதாக ஆள் எடுக்க வேண்டாம், வண்டி வாங்க வேண்டாம். வருகிற ஆளின் பையில் இன்னொரு பாடம், அவ்வளவுதான். வீட்டில் வைத்தே வைத்தியம் செய்யலாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஊருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தடுப்பூசிக்கு வருகிறேன். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம்: ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம். என் தம்பி மகனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போன பாட்டிக்கு, நுரையீரல் கெட்டுப்போன அந்தப் பாட்டிக்கு, அங்கே ஊசி இல்லை. வெளியே தனியாரில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போட்டோம். ஃப்ளூ ஊசி வேறு வருஷா வருஷம். பெரியவர்களுக்கு நியூமோகாக்கஸ் ஊசி நிமோனியாவை முழுசாகத் தடுக்காது, அது எனக்கும் தெரியும். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,000-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்து 2015-இல் வந்த முடிவின்படி, ஊசியில் இருக்கும் கிருமி வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, அவை ரத்தத்தில் கலந்து ஆளைச் சாய்க்கும் நிலை முக்கால்வாசி குறைந்தது. மற்றக் கிருமிகளுக்கு இது உதவாது. எல்லாப் பெரியவர்களுக்கும் போட நிதி இருக்காது என்பதும் புரிகிறது. அதனால் நுரையீரல் ஏற்கெனவே கெட்டவர்கள், மண்ணீரல் இல்லாதவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் என்று சின்னதாகத் தொடங்குங்கள். அவர்கள் யார் என்ற பட்டியல் உங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறது. முதலில் சொன்ன டிஸ்சார்ஜ் சம்மரி வரியை எழுதினால் பட்டியல் தானாகவே உருவாகும்.

புகையைப் பற்றி நீங்களே நிறையச் சொல்லிவிட்டீர்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். அம்மா பீடியோ சிகரெட்டோ தொட்டவரில்லை. இருபத்திரண்டு வருஷம் விறகடுப்பில் இட்லிக்கடை நடத்தியவர். முன்பு நாங்கள் பார்த்த எந்த டாக்டரும் "புகை பிடிப்பீங்களா?" என்ற கேள்வியைக்கூட அவரிடம் கேட்டதில்லை. பெண் என்பதால் விட்டுவிட்டார்கள். "எந்த அடுப்புல சமைச்சீங்க?" என்று கேட்டிருந்தால் அவரே ஊதுகுழலோடு நடித்துக் காட்டியிருப்பார். கல்குவாரியிலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்களிடம் என்ன வேலை என்று கேட்பதும் இதே மாதிரிதான். கல்தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் மற்றவர்களைவிட எளிதாகப் பிடிக்கும். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றில் அடுப்பு, வேலை என்ற இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். மெடிக்கலில் பெயர் சொல்லி வாங்கிய அந்த மாத்திரைகள். ஒரு தடவை அது லீவோஃபுளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். சாதாரணச் சளிக்குத்தானே என்று கொடுத்தார்கள், வாங்கினோம். காசநோய் மறுபடி வந்திருந்தால் அந்த மாத்திரை அதை அரைகுறையாக அடக்கிப் பரிசோதனையில் பிடிபடாமல் செய்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டிருக்குமாம். இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது உங்களுக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று பேரும் தெரிந்துகொண்டே செய்கிற காரியம் அது.

இதில் எந்தக் கோரிக்கையை முதலில் எடுப்பது என்று கேட்டால், பக்கமும் மடலும் எழுதும் அந்த ஒரு வரிதான். மற்றவை நிதி, ஆள், பயிற்சி என்று போகும்.

ஐந்து எக்ஸ்ரேக்களையும் போனில் படமெடுத்து, தேதி போட்டு இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அசல்கள் வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை ரயிலேறிச் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு மஞ்சப்பையோடு நானே வருகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் அம்மாவுக்கு அடுத்த எக்ஸ்ரே இருக்கிறது. போன தடவை டாக்டர் சொல்லி அனுப்பினார், பையை மறக்காமல் எடுத்து வரணுமாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
திண்டுக்கல் மாவட்டம்